வைகாசி பன்னிரண்டு, இடவம் பன்னிரண்டு

இதைப் படிக்கிறவர்கள் கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டியிருக்கும். அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எஸ்டேட் பள்ளியில் நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு இந்தக் கைகள் பிடித்ததெல்லாம் இரும்புக் குழாயும் கட்டுக்கம்பியும்தான். பேனா பிடித்தால் வரி ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே போகிறது. எங்கே பெரிய ற போடவேண்டும், எங்கே சின்ன ர என்று இன்றைக்கும் நிச்சயமில்லை. திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த மன்னிப்பு எழுத்துக்கு மட்டும்தான். எழுதியிருக்கும் விஷயத்துக்கு நான் மன்னிப்புக் கேட்கவேண்டிய ஆள் ஒருவர்தான். அவரிடம் கேட்டாகிவிட்டது.

தமிழும் மலையாளமும் கலந்த மலை ஊர்களில், சக்குபள்ளம் பக்கம், பந்தல் போடுவது என் தொழில். கல்யாண வீட்டுக்கு முதலில் வருகிறவனும் கடைசியில் போகிறவனும் பந்தல்காரன்தான். எனக்கு ஆட்களிடம் பேச வராது. வாசல் எந்தப் பக்கம், எத்தனை பேர் உட்காரவேண்டும் என்று இரண்டு கேள்வி கேட்டால் என் பேச்சு முடிந்தது. சமையல்காரர், பூக்கார அக்கா, போட்டோக்காரர், பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர் என்று எல்லாரோடும் எத்தனையோ கல்யாணங்களில் கடைசிப் பந்தியில் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். "இன்னும் கொஞ்சம் ரசம்" என்பதைத் தவிர அவர்களிடம் நான் பேசியதில்லை.

எங்கள் பக்கத்தில் இப்போது பேக்கேஜ் என்று ஒன்று வந்திருக்கிறது. டவுனில் ஓர் ஏஜென்ட் இருக்கிறார். அவரிடம் நாளைச் சொல்லிவிட்டால் சமையல், பூ, போட்டோ, பாத்திரம் எல்லாம் அவர் பொறுப்பு. நல்ல ஏற்பாடுதான் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். கல்யாண வீட்டின் போன் நம்பர் வேலை ஆட்களுக்குக் கிடையாது. வேலை ஆட்களின் நம்பர் கல்யாண வீட்டுக்குக் கிடையாது. வேலை ஆட்கள் தங்களுக்குள்ளும் கல்யாண விஷயம் பேசக்கூடாது. எல்லாம் அவர் வழியாகத்தான் போகவேண்டும். பேசிப் பழகிவிட்டால் அடுத்த கல்யாணத்துக்கு அவரை யாரும் தேடமாட்டார்கள் என்ற பயம். வாயைக் கட்டச் சொன்னது அவர். கையை நீட்டிக் கயிற்றை வாங்கிக் கட்டிக்கொண்டது நாங்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

நான் சொல்லவந்த கல்யாணம் எங்கள் மேட்டு வீட்டுப் பெண்ணின் கல்யாணம். அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அப்பா தோட்டத்தில் நிழல்மரத்துக் கிளை வெட்டும்போது விழுந்தவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலோடு கிடக்கிறார். பெண் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை. அவருக்கு ஊர் பாலக்காட்டுப் பக்கம் வேலந்தாவளம். குடும்பம் மாட்டு வியாபாரம் செய்கிற குடும்பம்.

அவர்கள் வழக்கப்படி கல்யாணம் மாப்பிள்ளை ஊரில்தான் நடக்கவேண்டும். அக்காதான் கெஞ்சிக் கேட்டார். படுத்துக் கிடக்கிற மனிதரை மலை இறக்கி அத்தனை தூரம் கொண்டுபோக முடியாது, மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அவர் பார்க்கவேண்டும், எங்கள் வாசலிலேயே நடக்கட்டும் என்று கேட்டார். மாப்பிள்ளை பிடிவாதம் பிடித்ததால் அவர்கள் சம்மதித்தார்கள். "மலையேறி வர்றவுகளுக்கு ஒரு குறையும் இருக்காது" என்று அக்கா அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒரு வாக்குதான் அவர் கையில் இருந்தது.

அந்தச் சரிவில் குழாய் இறக்க ஏஜென்டின் ஆட்கள் மாட்டேன் என்றதால் பந்தல் மட்டும் என்னிடம் வந்தது. அக்காவே நேரில் வந்து நாளும் கிழமையும் சொன்னார். வைகாசி பன்னிரண்டு, திங்கட்கிழமை. அப்பாவின் கட்டிலைத் திண்ணமான மேடை ஒன்று கட்டி அதன்மேல் போட்டு, கட்டிலுக்கும் மணவறைக்கும் நடுவே ஒரு பந்தல் கால்கூட வராதபடி குறுக்குக் குழாய் கொடுத்து இழுத்திருந்தேன். என் வாழ்நாளில் போட்ட பந்தல்களில் நான் கர்வப்படுகிற பந்தல் அது ஒன்றுதான்.

தப்பு எங்கே நடந்தது என்று சொல்கிறேன். எங்கள் ஊரில் வைகாசி என்றாலும் இடவம் என்றாலும் ஒன்றுதான். தமிழ் மாதத்தையும் மலையாள மாதத்தையும் மாற்றி மாற்றிப் பேசியே வளர்ந்தவர்கள் நாங்கள். முக்கால்வாசி மாதங்களில் இரண்டுக்கும் ஒன்றாம் தேதி ஒரே நாளில்தான் விழும். சில மாதங்களில் மட்டும் மலையாள மாதம் ஒருநாள் பின்னால் பிறக்கும். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் கணக்கு வேறு. அந்த வருடத்து இடவம் அப்படிப் பிறந்த மாதம். அக்கா ஏஜென்டிடம் போனில் "வைகாசி பன்னெண்டு" என்று மட்டும் சொன்னார். ஏஜென்டும் தமிழர்தான், ஆனால் படித்தது மலையாளம். அவர் சுவரில் தொங்கியது மலையாளக் காலண்டர். அதில் இடவம் பன்னிரண்டைத் தேடி வட்டம் போட்டார். அது செவ்வாய்க்கிழமை. தன் ஆட்கள் எல்லாருக்கும் செவ்வாய் என்றே சொல்லிவிட்டார். அக்கா பிறகு அவருக்குக் கல்யாணப் பத்திரிகையும் அனுப்பினார். அது மஞ்சள் தடவிய கவரோடு, பிரிக்காமல் அவர் மேசையில் கிடந்ததை நான் பின்னால் என் கண்ணால் பார்த்தேன்.

இது ஏஜென்டின் தப்பு. இனி வருவது என் தப்பு.

கல்யாணத்துக்கு முந்தின வியாழக்கிழமை ஜங்ஷன் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். சமையல்காரர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு பேசுகிற, எல்லாரையும் அண்ணாச்சி என்கிற மனிதர்.

"அண்ணாச்சி, செவ்வாக்கிழமை அந்த மேட்டு வீட்டுல எனக்கு வேலை. பாத்திர வண்டி அந்த ஏத்தத்துல ஏறுமா?"

"ஏறும்" என்றேன்.

அவ்வளவுதான். மேட்டு வீடு என்று ஒன்றுதான் இருக்கிறது. அங்கே கல்யாணம் திங்கட்கிழமை என்று எனக்குத் தெரியும். செவ்வாய் என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. மனதில் முள்ளாகவும் குத்தியது. 'திங்கள்தானே?' என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. மறுவீட்டுச் சாப்பாடாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏஜென்டின் ஆளிடம் பேசி வம்பு எதற்கு என்றும் நினைத்தேன். டீ கிளாஸை வைத்துவிட்டு வந்துவிட்டேன். கூச்ச சுபாவம் என்று என்னை நல்லவிதமாகச் சொல்வார்கள். அன்றைக்கு அது கூச்சம் இல்லை. கோழைத்தனம்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் பந்தல் முடிந்தது. முந்தின நாள் மதியத்துக்குள் பாத்திரமும் அடுப்பும் வந்து இறங்குவது எல்லாக் கல்யாண வீட்டிலும் வழக்கம். ஒன்றும் வரவில்லை.

"தம்பி, சமையக்காரவுக எப்ப வருவாக?" என்று அக்கா கேட்டார்.

"வந்துருவாகக்கா."

அரை மணி கழித்து மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னேன். மூன்றாவது முறை வந்தது கல்யாணப் பெண். இரண்டு கையிலும் மருதாணி காயாமல் இருந்தது. கைகளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றது.

"மாமா, அம்மாகிட்ட சொல்ற மாதிரி எங்கிட்ட சொல்லாதீக. என்னன்னு தெரியுமா, தெரியாதா?"

நான் ஏஜென்டுக்குப் போன் போட்டேன்.

"என்ன அண்ணே, பந்தல் முடிஞ்சா?" என்றார் சந்தோஷமாக.

"ஆளுக இன்னும் வரல. நாளைக்குக் கல்யாணம்."

"நாளைக்கா? செவ்வாக்கிழமை அல்லே அண்ணே? இடவம் பன்னெண்டு."

"அக்கா சொன்னது வைகாசி பன்னெண்டு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அந்தப் பக்கம் காலண்டர் தாள் புரள்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒண்ணு செய்யலாம் அண்ணே. ஒருநாள் தள்ளி வைக்க முடியுமான்னு மாப்பிள்ளை வீட்டுல கேட்டுப் பாக்கச் சொல்லுங்க."

தாலி கட்டுகிற முகூர்த்தம் என்ன, மாட்டுச் சந்தையா? இந்த வாரம் விட்டால் அடுத்த வாரம் ஓட்டிக்கொண்டு போகலாம் என்பதற்கு? இரண்டு பஸ் நிறையச் சொந்தக்காரர்கள் வேலந்தாவளத்தில் சாயங்காலம் ஏறப்போகிறார்கள். கட்டிலில் ஒருவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பந்தலையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

"நீங்க யாருக்கும் போன் பண்ணாதீங்க. என் ஆளுங்ககிட்ட நானே பேசிக்கிறேன்" என்றார் கடைசியாக. அப்போதும் அவருக்கு அந்தச் சட்டம்தான் பெரிதாக இருந்தது. நான் போனை வைத்துவிட்டேன். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

என்னிடம் வேலை ஆட்கள் யாருடைய நம்பரும் இல்லை. குழாய் வண்டியை எடுத்துக்கொண்டு சமையல்காரர் வீட்டுக்குப் போனேன். மாதா கோயில் பூசை முடிந்து, சாப்பிட்டு, கைலியோடு திண்டில் சாய்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, வழி தப்பி வந்துட்டீயளா?"

"மேட்டு வீட்டுக் கல்யாணம் நாளைக்கு."

"போங்க அண்ணாச்சி. நாளைக்கழிச்சுல்லா!"

நான் அழைப்பிதழைக் கையில் கொடுத்தேன். படித்தார். எழுந்து உட்கார்ந்தார். "ஏசுவே" என்றார். பிறகு, "வியாழக்கிழமை உம்மகிட்ட கேட்டேம்லா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

அவருடைய காய்கறியெல்லாம் திங்கள் மாலை கம்பத்திலிருந்து வரும்படி சொல்லிவைத்தது. ஒரே வழி இருந்தது. பத்துக் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு சமையல்காரருக்கு மறுநாள் பெரிய கல்யாணம். அங்கே காய் இறங்கியிருக்கும். ஆனால் இந்த இருவருக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. இவருடைய சாம்பாரை அவர் குறை சொன்ன சண்டை. என் முன்னாலேயே போன் போட்டார்.

"நாந்தாம்ல பேசுதேன். ஏசணும்னா நாளைக்கழிச்சு ஏசிக்கோ. இப்ப எனக்கு இருநூறு இலைக்குக் காய் வேணும்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் சிரித்தார். "அந்த ஒப்பேறாத சாம்பாருதான் வைப்பேன். நீ காயை அனுப்பு."

அங்கிருந்து பூக்கார அக்கா வீட்டுக்கு. விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னைத்தான் திட்டினார்.

"செவ்வாக்கிழமை எவன்யா தாலி கட்டுவான்? ஆர்டர் வந்த அன்னைக்கே நெனச்சேன்."

"கேட்டிருக்கலாம்ல?"

"யார்கிட்ட கேக்க? பேசுனா அடுத்த ஆர்டர் இல்லேங்கிறான். நீரு மட்டும் கேட்டீராக்கும்?"

திட்டிக்கொண்டே செருப்பைப் போட்டுக்கொண்டு கம்பத்துக்கு ஜீப் ஏறப் புறப்பட்டுவிட்டார். போட்டோக்காரரிடம் போனால் அவர் சொன்னது இன்னும் மோசம். மேட்டு வீட்டுச் சொந்தத்தில் தனக்குப் பழக்கமான ஒரு பையன் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் அழைப்பிதழைப் போட்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை என்று அதில் இருந்ததையும் பார்த்திருக்கிறார். ஏஜென்ட் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று திங்கட்கிழமைக்கு வேறு கல்யாணம் ஒப்புக்கொண்டுவிட்டார். அவரே தன் நண்பர் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தார். ஏஜென்ட் சர்ச்சுக் கல்யாணங்கள் நிறையச் செய்கிறவர். அங்கே செவ்வாய்க்கிழமைக்குத் தடை இல்லை. அவருக்கு உறைக்காமல் போனதற்காவது அப்படி ஒரு காரணம் இருந்தது. எங்களுக்கு என்ன காரணம்? ஆளுக்கொரு துண்டு எங்கள் கையில் இருந்தது. ஒரே ஒரு டீ நேரம் நாலு பேரும் சேர்ந்து நின்று பேசியிருந்தால் முழுவதும் தெரிந்திருக்கும். கல்யாணம் நம்முடையது இல்லையே என்று ஆளுக்கு ஆள் பையில் போட்டுக்கொண்டு நடந்தோம்.

விடியும்போது இரண்டு பஸ்ஸும் வந்து நின்றன. அடுப்பு அப்போதுதான் பற்றியிருந்தது. காலைப் பலகாரம் ஆகவில்லை. ஜங்ஷன் கடையில் கிடைத்த பன்னையும் பால் இல்லாத கட்டன் சாயாவையும்தான் கொடுக்க முடிந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா பன்னை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தியம்மா, நாங்க என்ன ஆஸ்பத்திரிக்குங்களா வந்திருக்கறோம்? பன்னும் சாயாவும் குடுக்கறீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா கையைக் கூப்பினார். "மன்னிச்சுக்கங்கய்யா. எங்க தப்புதான்" என்றார். ராத்திரி முழுக்கச் சின்ன வெங்காயம் உரித்த கைகள். மகளுக்கு நலங்கு வைக்கவேண்டிய நேரத்தில் வெங்காயம் உரித்த கைகள்.

நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எப்படி வாய் திறந்தது என்று தெரியவில்லை.

"அவங்க தப்பு இல்ல. வேலைக்கு வந்த எங்க தப்பு. நாளை மாத்தி எழுதிட்டோம். கேக்கணும்னா எங்களைக் கேளுங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளைதான் பேசினார். "பெரியப்பா, சும்மா இருங்க. நம்ம ஊட்டுல விடியக்காலம் நீங்க குடிக்கறதும் சாயாதானுங்களே. பாலு ஊத்துனா மட்டும் பலகாரமாயிருமாக்கும்?"

இப்போது சிரிப்பு அந்தப் பக்கம் திரும்பியது. தாலி முகூர்த்தத்தில் ஏறியது. சாப்பாடும் நன்றாகவே இருந்தது. அந்தப் பெரியப்பா ரசத்துக்கு இரண்டு தடவை கையேந்தினார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். முடியவில்லை. நான் பார்த்தேன். கெட்டிமேளம் கேட்டபோது வாழையிலை ஏற்றிவந்த ஜீப் அப்போதுதான் சரிவில் வந்து நின்றிருந்தது. இறக்க ஆள் இல்லாமல் அக்கா போயிருந்தார். இலைக்கட்டைத் தோளில் வைத்தபடியே மணவறைப் பக்கம் திரும்பி நின்று ஒரு கையால் கும்பிட்டார். அங்கிருந்து அவருக்கு ஆட்களின் முதுகுதான் தெரிந்திருக்கும். கட்டிலில் இருந்த அப்பா பார்த்தார். அவர் பார்ப்பதற்காக ஊரையே மலையேற்றிய அம்மா பார்க்கவில்லை.

பந்தலைப் பிரித்த அன்று அக்காவிடம் டீக்கடை விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"வியாழக்கிழமையே தெரியுமா தம்பி?" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார். இன்றும் வழியில் கண்டால் நன்றாகத்தான் பேசுகிறார். அந்த ஒரு கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் கூட ஆரம்பித்தோம். பெரிய சங்கம் ஒன்றும் இல்லை. மாதத்துக்கு ஒருநாள் அதே டீக்கடை. எந்தக் கல்யாணம் வந்தாலும் ஒரு தாளில் தமிழ்த் தேதி, மலையாளத் தேதி, இங்கிலீஷ் தேதி, கிழமை நான்கையும் எழுதுகிறோம். வேலைக்குப் போகிற எல்லாருடைய நம்பரையும் அதன் கீழே எழுதி, ஒன்று பெண்ணின் கையிலும் ஒன்று மாப்பிள்ளையின் கையிலும் கொடுக்கிறோம். ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் அடுத்தவரைக் கூப்பிடவேண்டும். கூப்பிடாமல் இருப்பதுதான் குற்றம். போன மாதம் மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் சர்ச்சில் பூசை நேரம் மாறியதைப் பூக்கார அக்காதான் முதலில் கேள்விப்பட்டார். அரை மணி நேரத்தில் வேன்காரர் வரை எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அப்படித்தான் இருக்கவேண்டும்.

இதெல்லாம் மனதோடு இருந்திருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் குழாய் இறக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஏஜென்ட் அங்கே வந்திருந்தார். கல்யாணம் நிச்சயமான ஒரு பையனும் பெண்ணும் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். "ஒரு தடவை மேட்டு வீட்டுல நாள் மாறிப்போச்சு. ஒரே நாள்ல மொத்தக் கல்யாணத்தையும் நிமித்திக் காட்டினேன். என் ஆளுங்கெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெண் கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. குழாயைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய், "வைகாசி பன்னெண்டா, இடவம் பன்னெண்டா? அதையும் சொல்லுங்க" என்றேன். அவர் முகம் செத்துப்போனது. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "என்ன மாமா அது?" என்று கேட்டது.

நின்றுகொண்டே சொல்ல எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். அதற்காகத்தான் இத்தனை தாள். இனி எங்களிடம் வருகிற ஒவ்வொரு ஜோடிக்கும் இதைப் படிக்கக் கொடுப்போம்.

கடைசியில் நாள் போடுவதற்கு முன் பூக்கார அக்காவுக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டேன். இந்த மாதம் இரண்டு காலண்டரும் ஒத்துப்போகின்றனவாம். ஒத்துப்போகிற மாதங்கள்தான் நம்மை ஏமாற்றிப் பழக்குகின்றன. ஆகவே நான்கையும் எழுதுகிறேன்.

கார்த்திகை 11, விருச்சிகம் 11, நவம்பர் 27, வியாழக்கிழமை.